உறை பிரிக்காத வாக்கர்

திருவனந்தபுரத்தில் இறங்கி, கொட்டும் ஜூன் மழையில் களியக்காவிளை தாண்டி வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த வாக்கர். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கைப்பிடியில் ஈரத் துவர்த்து ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. தினமும் வாக்கர் பிடித்து நடக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு மேசைமேல் அப்படியே கிடக்கிறது. அம்மாவோ கட்டிலில். ஹோம் நர்ஸ் ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கைக்கு என்ன குறை? மரச்சீனிக் கிழங்கை மீன்குழம்பில் பிசைந்து எங்கள் எல்லோருக்கும் உருட்டிக் கொடுத்த கை அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏன் நடக்க வைக்கவில்லை?" என்று கேட்டேன்.

"பாட்டி விழுந்துவிட்டால் நான்தானே அக்கா பதில் சொல்ல வேண்டும்?" என்றாள்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோபமெல்லாம் அவளை அனுப்பிய நிறுவனத்தின்மேல். அண்ணனும் மைனியும் குவைத்திலிருந்து போனில் விசாரித்தபோது, வயதானவர்களுக்கு நீண்டகாலத் திட்டம்தான் பாதுகாப்பு என்று சொல்லி, ஓராண்டு ஒப்பந்தம் எழுதி, மூன்று மாத முன்பணமும் வாங்கிவிட்டார்கள். எழுந்து நடக்க வைப்பதற்கு ஆள் வேண்டுமா, படுத்தவரைப் பார்த்துக்கொள்வதற்கு வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் இருக்கும் இங்கிலாந்தில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் முதியவருக்குத் தேவையென்றால், பழையபடி தன் வேலையைத் தானே செய்யப் பழக்குவதற்கென்றே ஆறு வாரம் வரை வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள், இலவசமாக. வருபவர் சட்டையை மாட்டிவிட மாட்டார். நீங்களே மாட்டும்வரை பக்கத்தில் நிற்பார். நீண்டகாலப் பராமரிப்பைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான். அங்கும் குறைகள் ஏராளம். நம் ஊரில் அம்மா விழுந்த சத்தம் கேட்டு நான்கு வீட்டார் ஓடிவந்தார்களே, அது அங்கே நடக்காது. ஆனால் எதற்குப் பின் எது என்ற வரிசை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தக்கலையில் என் பெரியம்மாவின் கதை வேறு. மறதி நோய். ஆள் மாறினால் பயந்து அழுவார்; பழகிய ஒரே முகம் ஊட்டினால்தான் சாப்பிடுவார். அவருக்கு நிரந்தரமாக ஓர் ஆள்தான் சரி. அம்மாவுக்கு நினைவு கத்திபோல் இருக்கிறது, காலுக்கு மட்டும்தான் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

மூன்றாம் நாள் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத் தன்னார்வலர் வந்தார், ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க. 2021-இல் திட்டம் தொடங்கிய செய்தியைப் படித்தபோது, இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று நினைத்தவள் நான். போன மாதம் அவரை வாசலிலேயே அனுப்பிவிட்டார்களாம். இந்தமுறை உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, "எழுந்து நடக்கிறீர்களா அம்மா?" என்று கேட்டார். ஏழு வாரத்தில் யாருமே கேட்காத கேள்வி! பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார் என்று சொல்லிப் பெயர் எழுதிக்கொண்டு போனார். மறுவாரம் பிசியோதெரபிஸ்ட் வந்ததும் முதல் வேலையாக உறையைக் கிழித்தார். ஒரு பைசா வாங்கவில்லை.

நிறுவனத்துக்கு மூன்று முறை போன் செய்து சண்டை போட்டு, ஓராண்டை இரண்டு மாதமாகக் குறைத்து, பகலுக்கு மட்டும் ஆள் போதும் என்று மாற்றினேன். முன்பணத்துக்கு இன்னும் பதில் இல்லை. அந்தப் பெண்ணே தொடர்ந்து வருகிறாள். இப்போது அம்மாவைத் தூக்குவதில்லை, ஓர் அடி தள்ளிக் கூடவே நடக்கிறாள்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா அடுக்களைப் படி வரை வாக்கரோடு வந்து நின்றார். மூச்சு வாங்கியது. தோட்டத்தைப் பார்த்தபடி, "சக்கை பழுத்து மணக்கிறது. பறிக்க ஆள் சொன்னாயா இல்லையா?" என்று என்னைத் திட்டினார்.