சீருக்குப் போனேன், மண்ணீரலோடு திரும்பினேன்

தோஹாவிலிருந்து ஒரு மாத லீவில் பொள்ளாச்சி போனது தங்கச்சி மகள் சீருக்கு. இடது விலாவுக்குக் கீழே கொஞ்ச நாளாக ஒரு கனம், இரண்டு இட்லிக்கு மேல் இறங்காது, கேஸ் என்று நினைத்து மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மா விடவில்லை. ஸ்கேன் எடுத்தால் மண்ணீரலின் மேல்முனையில் 9 செ.மீ. நீர்க்கட்டி. மண்ணீரல் என்றால் அம்மாவுக்குப் புரியவில்லை. “கறிக்கடையில வாங்குவியே சுவரொட்டி, அதுதாம்மா” என்றதும் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் பார்த்த டாக்டர், மொத்தமாக எடுத்துவிடலாம், அது இல்லாமலும் வாழலாம் என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். வாழலாம்தான். ஆனால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகள் ரத்தத்தில் இறங்கினால் வடிகட்டும் முக்கியமான ஆள் அதுதான். அப்புறம் ஆயுசுக்கும் தடுப்பூசி, லேசாகக் காய்ந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட்டம்.

கோவையில் இரண்டாவதாகப் பார்த்தவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டே விளக்கினார். நாய், ஆடு வழியாக வரும் நாடாப்புழுக் கட்டியா என்று முதலில் ரத்தம் எடுத்தார்கள், அது வயிற்றுக்குள் உடைந்தால் ஆபத்தாம். நல்லவேளை, இல்லை. பத்தாவது படிக்கும்போது மொபெட்டிலிருந்து விழுந்ததைச் சொன்னேன். அன்று உள்ளே கசிந்த ரத்தமே இப்படிக் கட்டியாகியிருக்கலாம் என்றார். ஊசியால் உறிஞ்சினால் பெரும்பாலும் திரும்ப நிரம்பிவிடும், அதனால் லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாக, கட்டியின் மேற்கூரையை வெட்டி எடுப்பது, சரிவராவிட்டால் மேல்முனையை மட்டும் அறுப்பது, கால்வாசி மண்ணீரல் தங்கினாலும் வேலை நடக்கும். ரத்தம் நிற்காவிட்டால் முழுதாக எடுக்க வேண்டிவரும் என்பதையும் மறைக்கவில்லை, அதற்காகவே இரண்டு வாரம் முன்பே தடுப்பூசிகள். ஊசி போட்டுக்கொண்டு சீரை முடித்தேன், லீவை நீட்டித்தேன்.

நாலு துளை. வீடியோவில் காட்டினார்கள், வறக்காப்பி நிறத்தில் தண்ணீர். வயிற்றில் ஏற்றிய காற்றால் இரண்டு நாள் தோள்பட்டை பிடுங்கியது, வயிற்றுத் தையலைவிட அதுதான் படுத்தியது, யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நாலாம் நாள் டிஸ்சார்ஜ்.

ஆபரேஷனில் காட்டிய ஒழுங்கு பில் கவுண்டரில் இல்லை. காலை 10 மணிக்கு டாக்டர் போகலாம் என்றார், கையில் பேப்பர் வர மாலை 5. அதிலும் ‘பேக்கேஜ்’ என்று ஒரே வரி. தோஹா இன்சூரன்ஸுக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக, சீலோடு வேண்டும். தம்பி மூன்று முறை பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறினான். வெளிநாட்டு இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் அட்மிஷன் அன்றே கேட்டு வையுங்கள், பயாப்ஸி ரிப்போர்ட்டின் ஒரிஜினலையும் சேர்த்து.