அரை வேலித் திடல்: காடா, சவுக்கா, மாடா?

வேதாரண்யம் பக்கம் சித்தப்பாவுக்கு அரை வேலித் திடல் இருக்கிறது. அதாவது பத்து மா, மூன்று ஏக்கர் சொச்சம். மேடு என்பதால் நெல்லுக்கு ஆகாது, மாடு மேயும். “அதைக் காடாக விட்டால் கார்பன் கிரெடிட் பணம் வருமாமே” என்று போன மாதம் கேட்டார். மரம் காற்றிலிருந்து பிடித்துவைக்கும் கரிக்கு, அதாவது கார்பனுக்கு, கொடுக்கிற பணம் அது.

சவுக்கு பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நாலைந்து வருடத்தில் வெட்டிக் காசு பார்க்கலாம். ஆனால் காகிதமாகவும் விறகாகவும் போகிற மரம், பிடித்துவைத்த கரியைச் சீக்கிரமே காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் என்ன செய்தது என்பதும் ஊருக்கே தெரியும்.

காடு அப்படியில்லை. எப்படி வரும் என்று பார்க்கக் கோடியக்கரை போனால் போதும். பாலை, வீரை, நாவல், குருந்து என்று நம் கடலோரத்து மரங்கள் அங்கே நிற்கின்றன. மாட்டை நிறுத்தினால் கட்டைகள் துளிர்க்கும், பறவைகள் விதை போடும். ஆனால் முதலில் வந்து உட்காருவது சீமைக்கருவேலாகத்தான் இருக்கும். ஆடுமாடு தின்று சாணத்தோடு போட்ட விதை மண்ணில் காத்திருக்கிறது. அதைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

பணக் கணக்கு இன்னும் சிக்கல். ஒரு கிரெடிட் என்றால் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. காய்ந்த மரத்தில் ஏறக்குறைய பாதி கரி, ஆக ஒரு டன் மரம் 1.8 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாலை வளர்வதோ ஆமை வேகத்தில். அளந்து சான்று தருகிறவர் செலவோ திடல் சிறியது என்பதற்காகக் குறையாது. ஆஸ்திரேலியாவில் இதே மேய்ச்சல் நிலத்துக் காட்டுக்குக் கிரெடிட் கொடுத்தார்கள். அங்கே ஒரே பண்ணை பல்லாயிரம் ஏக்கர். அங்கும் 2022இல் சட்டப் பேராசிரியர் ஆண்ட்ரூ மெக்கின்டாஷ் போன்றவர்கள், மரம் வந்தது மழையால், மாட்டைக் குறைத்ததால் இல்லை என்று பிடித்துக்கொண்டார்கள். 2023 செப்டம்பரோடு அந்த முறையில் புதிய பதிவு நின்றது. நம்மையும் அதைத்தான் கேட்பார்கள்: நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் வந்திருக்குமா?

அப்புறம் கெடு. ஆஸ்திரேலியாவில் 25 வருடம் அல்லது 100 வருடம் காட்டைக் காப்பாற்றியாக வேண்டும். சித்தப்பாவுக்கு மூன்று பிள்ளைகள். பாகப்பிரிவினை அதற்கு முன்பே நடந்துவிடும். யார் பங்கில் எந்த மரம்?

மேய்ச்சலை நான் லேசாக நினைக்கவில்லை. உம்பளச்சேரி மாட்டுக்குப் புல் வேண்டும்; சாணம் வயலுக்குப் போகிறது. இங்கே வேலி போட்டால் மாடு பக்கத்துப் புறம்போக்கைத்தான் மொட்டையடிக்கும். கார்பன் கணக்கிலும் அதைக் கழிப்பார்கள்.

அக்கம்பக்கத்துத் திடல்காரர்கள் ஐம்பது பேர் சேர்ந்து வந்தால் கிரெடிட்டைப் பேசலாம். தனியாக என்றால், என்னைக் கேட்டால் வேண்டாம். குளத்தோரம் மூன்று மாவை மட்டும் காட்டுக்கு விடுங்கள், மீதியில் மாடு மேயட்டும் என்றேன். சித்தப்பாவுக்குச் சம்மதம். கிளுவைப் போத்து நட்டு வேலி கட்டலாம் என்று ஆளும் சொல்லிவிட்டார். “கிளுவைத் தழையை ஆடு விடுமா?” என்று சித்தி கேட்டதில் அது மட்டும் நிற்கிறது.