25 கிலோ ரெடிமிக்ஸ் கான்கிரீட் மூட்டை: எந்த வேலைக்கு எடுபடும்?

தண்ணீர் மட்டும் ஊற்றிக் கலந்தால் போதும் என்று விற்கப்படும் இந்த உலர் கான்கிரீட் மூட்டை, கம்பம் நடுவது, கேட் தூணுக்கு அடித்தளம் போடுவது போன்ற சின்ன வேலைகளுக்கு அருமையான பொருள். இதைப் பற்றி எழும் புகார்கள் பலவற்றுக்குக் காரணம், இதைச் சிமெண்ட் மூட்டை என்று நினைத்து வாங்குவதுதான்.

சிமெண்ட் வெறும் பசை. தண்ணீர் பட்டதும் வேதிவினை தொடங்கி இறுகும் தூள், அவ்வளவே. அதோடு மணல் சேர்ந்தால் பூச்சுக்கும் கட்டு வேலைக்குமான கலவை. ஜல்லியும் சேர்ந்தால்தான் கான்கிரீட். நாம் 'சிமெண்ட் ரோடு', 'சிமெண்ட் தூண்' என்பதெல்லாம் கான்கிரீட்தான். அதன் கன அளவில் சிமெண்டின் பங்கு சுமார் 10 முதல் 15 சதவீதம். சுமை தாங்குவதில் ஜல்லிக்கும் மணலுக்கும் பெரிய பங்கு உண்டு, சுருக்கத்தைக் கட்டுப்படுத்துவதும் அவைதான். அதனால்தான் குழியில் வெறும் சிமெண்டைக் கரைத்து ஊற்றினால் சூடேறி, சுருங்கி, வெடிப்பு விடுகிறது.

இந்த மூட்டையை வைத்துச் சுவர் பூச முடியாது. உள்ளே இருக்கும் 10 மில்லிமீட்டர் ஜல்லி கரண்டியில் இழுபடும். செங்கல் இடைவெளிக்கும் அது அடங்காது. 5 சென்டிமீட்டருக்குக் குறைவான கனத்துக்கு இதைத் தொடாதீர்கள்.

ஒரு மூட்டை ஏறக்குறைய 12 லிட்டர் கான்கிரீட் தரும். 30க்கு 30 சென்டிமீட்டர் குழி, ஆழம் 60, நடுவில் 10 சென்டிமீட்டர் சதுரக் கம்பம் என்றால் நிரப்ப வேண்டியது 48 லிட்டர்: நான்கு மூட்டை. குழி ஓரம் சரியும் என்பதால் ஐந்தாவது கைவசம் இருக்கட்டும்.

வேலை கெடுவது பெரும்பாலும் தண்ணீரில்தான். மூட்டையில் அச்சிட்ட அளவே கணக்கு, பொதுவாக 2.5 முதல் 3 லிட்டர். குறைந்த அளவில் தொடங்கி, பிறகு 100 மில்லி வீதம் சேருங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக்கூடாது. கொட்டச் சுலபம் என்று தளர்த்தினால் ஜல்லி அடியில் தங்கி, சிமெண்ட் பால் மேலே மிதக்கும். காய்ந்தபின் மேற்பரப்பு பொடிப்பொடியாக உதிரும். வண்டியில் குலுங்கி வரும்போது தூளும் ஜல்லியும் பிரிந்துவிடுவதால், பாதி மூட்டை போதும் என்றாலும் முழுவதையும் கொட்டி, காய்ந்த நிலையிலேயே இரண்டு புரட்டு புரட்டிவிட்டுப் பாதியை எடுங்கள். கையுறை கட்டாயம்: ஈரக் கலவையின் காரத்தன்மை தோலைப் புண்ணாக்கும். கொட்டியதும் கம்பியால் நன்றாகக் குத்திவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே ஓட்டை விழும். ஏழு நாள் ஈரச் சாக்கு போர்த்தி வைப்பது அவசியம்.

பெரிய தளத்துக்கு இது வீண் செலவு. ஒரு கன மீட்டருக்கு 80 மூட்டைக்கு மேல் போகும். 50 கிலோ சிமெண்ட் ஒரு மூட்டை, அதைப்போல் இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்று கலந்தால் சுமார் 150 லிட்டர் கிடைக்கும். அதாவது இதில் பன்னிரண்டு மூட்டைக்கு மேல். அங்கே சிமெண்டைத் தனியாக வாங்குவதே சரி.

வாங்கும்போது மூட்டையை எல்லாப் பக்கமும் அமுக்கிப் பாருங்கள். விரலுக்கு உதிராத கட்டி தட்டுப்பட்டால் உள்ளே ஈரம் போய்விட்டது, வேறு மூட்டை கேளுங்கள்.