வாட்டர் சாஃப்ட்னர்: தண்ணீரைப் பற்றிக் குறையில்லை, வாடையைப் பற்றித்தான் பேச்சு

கடினத் தண்ணீரை மென்மையாக்கும் இந்தக் கருவிக்குள் இருக்கும் ரெசின் மணிகள் என்ன செய்யும், தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் எப்படிப் போய் சோடியம் எப்படி வருகிறது என்பதையெல்லாம் விற்பவர்களே நன்றாகச் சொல்கிறார்கள். அதில் பொய்யும் இல்லை. கோவையில் எங்கள் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 700 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். இந்தியத் தரவிதி ஐஎஸ் 10500 குடிநீருக்கு 200 போதும் என்கிறது; வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. சாஃப்ட்னர் வந்த பிறகு ஷவர் துளைகள் அடைக்கவில்லை, கீசரின் சூடேற்றும் சுருளில் வெள்ளை பூக்கவில்லை, தலைமுடி சிக்குப் பிடிக்கவில்லை. குடிக்கவும் சமைக்கவும் சிறுவாணித் தண்ணீர் தனிக் குழாயில் வருகிறது. அதில் கை வைக்கவில்லை.

இவ்வளவு நல்ல கருவி, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் வெளியூர் போய் வந்தால் நம்மைப் பழிவாங்கும். குளியலறைக் குழாயைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை. வாளியில் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் லேசாகக் கலங்கி, விரலில் வழவழவென்று ஒட்டும்.

காரணம் எளிது. ரெசின் என்பது ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய மணிகள், லட்சக்கணக்கில். அத்தனை மணிகளின் மேற்பரப்பும் கிருமிகளுக்குக் குடியிருப்பு. சாஃப்ட்னர் கடினத்தன்மையை எடுக்குமே தவிர, எந்தக் கிருமியையும் கொல்லாது. போர்வெல் தண்ணீரில் குளோரினும் கிடையாது. தண்ணீர் ஓடாமல் நின்றால் மணிகளின் மேல் கொழகொழப்பான படலம் வளர்கிறது. அதன் அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் ஒருவகை பாக்டீரியா, தண்ணீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகிறது. வாடை அதுதான்.

விற்ற கடையிலிருந்து வந்த டெக்னீஷியன் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "உப்புப் போடுகிறோமே சார், ஊறுகாயில் பூச்சி பிடிக்குமா?" என்று கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊறுகாய் உப்பிலேயே கிடக்கிறது. ரெசினோ, அதில் சேர்ந்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் உப்பால் கழுவி வெளியேற்றும் மறுசுத்திகரிப்பின்போது ஒரு மணி நேரம் போலத்தான் பத்து சதவீத உப்புக் கரைசலைப் பார்க்கிறது. பிறகு அதை அலசிவிட்டு வெறும் தண்ணீரில் ஊறுகிறது. படலத்துக்குள் பதுங்கிய கிருமிகளை அந்தக் குறுகிய நேரத்து உப்பு ஒன்றும் செய்துவிடாது. கடைசியில் அவர் சொன்ன தீர்வு, ரெசினையே மாற்றுவது. மாற்றினோம், பில்லும் கட்டினோம். அடுத்த நீண்ட விடுமுறை முடிந்து வந்தபோது புது ரெசினிலிருந்து அதே வாடை.

உத்தரவாத அட்டையில் ஒன்றை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: குளோரின் ரெசினுக்கு எதிரி. உண்மைதான். தொடர்ந்து குளோரின் பட்டால் ரெசினின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரின் சங்கிலிகளை இணைக்கும் கட்டுகள் அறுந்து, மணிகள் ஊதி நொறுங்கும். ஆனால் கிருமிக்கும் அதே குளோரின்தானே மருந்து? எப்போதாவது, அளவோடு கொடுத்தால் ரெசின் தாங்கும். சாஃப்ட்னரை இயக்கும் வால்வைத் தயாரிப்பவர்களின் கையேடுகளிலேயே அளவு இருக்கிறது: ஒரு கன அடி, அதாவது சுமார் 28 லிட்டர் ரெசினுக்கு, 5.25 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது திரவ பிளீச், 35 மில்லி. உப்புத் தொட்டியில் உள்ள கிணறு போன்ற குழாயில் ஊற்றிவிட்டு வழக்கமான மறுசுத்திகரிப்பை ஓடவிட வேண்டும், அவ்வளவுதான். பிளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள், அதன் சுண்ணாம்பு வண்டலாக அடியில் தங்கும். இரும்புக் கறை போக்க அமிலம் ஊற்றிய அன்றைக்கு இதைத் தொடவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கு ஆபத்து.

எனக்கு உண்மையில் ரத்தம் கொதித்தது இன்னொரு விஷயத்தில். எங்கள் வால்வு மீட்டர் வைத்தது. இத்தனை லிட்டர் ஓடினால்தான் மறுசுத்திகரிப்புச் செய்யும். பூட்டிய வீட்டில் ஒரு சொட்டும் ஓடாது, ஆகவே அதுவும் தூங்கும். ஆனால் அந்த வால்வின் மெனுவுக்குள், தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இத்தனை நாளுக்கு ஒரு முறை செய் என்று கட்டளையிட ஓர் இடம் இருக்கிறது. பொருத்தியவர்கள் அதை அணைத்தே வைத்திருந்தார்கள். ஜெர்மனியின் டிஐஎன் 19636 தரவிதி நான்கு நாளுக்கு மேல் ரெசினைச் சும்மா விடக் கூடாது என்கிறது. அங்குள்ள கருவிகள் பலவற்றில், உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திச் சிறிதளவு குளோரினை அங்கேயே உண்டாக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. இங்கே நமக்கு ஒரு பொத்தானை அழுத்திக் காட்டக்கூட ஆளில்லை. நான்கு என்று மாற்றிய பிறகு வாடை ஏறக்குறைய போய்விட்டது. உப்புச் செலவு கூடியிருக்கிறது, கழிவுநீரும் கூடியிருக்கிறது. பரவாயில்லை.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மூட்டையில் மலிவாகக் கிடைக்கும் கல்லுப்போடு உப்பளத்து மண்ணும் வருகிறது. தொட்டியின் அடியில் கறுப்புச் சேறு தங்கி, அதன் மேலும் வழவழப்புப் படிகிறது. சுத்திகரித்த உப்புக்கு மாறினேன். தொட்டியை அவ்வப்போது காலி செய்து தேய்த்துக் கழுவுகிறேன்.

வெந்நீரில் மட்டும் வாடை வந்தால் ரெசினைத் திட்டாதீர்கள். அது பெரும்பாலும் கீசர் துருப்பிடிக்காமல் இருக்க அதற்குள் வைத்திருக்கும் மக்னீசியம் கம்பியின் வேலை.

சரவணம்பட்டியில் வீடு கட்டும் மைத்துனர், விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா மாமா என்று கேட்டார். வாங்காதே என்றேன். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவனுக்கு இது சரிவராது, ரெசினுக்குக் கட்டிய பணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது என்றும் சொன்னேன். "அப்படியானால் உங்களுடையதைக் கழற்றிக் கொடுங்கள், பாதி விலை தருகிறேன்" என்கிறார். முழு விலை கொடுத்தாலும் தரமாட்டேன்.