டிஜே சாஃப்ட்வேர் அப்கிரேடுக்கு லேப்டாப்பைக் கடையில் கொடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

முகூர்த்த மாதம் நெருங்கினாலே இந்த வியாபாரம் சூடு பிடிக்கிறது. "பழைய வெர்ஷன் வச்சிருக்கீங்க தம்பி, புதுசு போட்டா பீட் தானா மேட்ச் ஆயிரும்" என்று சொல்லி லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொள்வார்கள். திரும்பி வரும்போது எல்லாம் பளிச்சென்றுதான் இருக்கும். மேடையில் இரண்டு பாட்டைச் சேர்க்கும்போதுதான் 'டும் டும்' என்று விழவேண்டிய கிக், 'டுடும் டுடும்' என்று இரட்டையாக விழும்.

கோவைப் பக்கம் ஒரு கல்யாண டிஜேக்கு நடந்தது இது. கையில் இருந்தது டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 கன்ட்ரோலர் (லேப்டாப்பில் ஓடும் பாட்டைக் கையால் ஆட்டுவிக்கும் கருவி), லேப்டாப்பில் ரெக்கார்ட்பாக்ஸ் 6 என்ற டிஜே சாஃப்ட்வேர். கடையில் 7-க்கு மாற்றிக் கொடுத்தார்கள். பில்லில் மூன்று வரி: 'லைஃப்டைம் லைசென்ஸ்', 'ஃபுல் அனாலிசிஸ்', 'எல்லாப் பாட்டும் 320-க்கு கன்வெர்ட்'. மூன்றுமே தண்டம். அதில் இரண்டு, இருந்ததையும் கெடுத்த வேலை.

லைசென்ஸ் கதையை முதலில் முடித்துவிடுவோம். எஃப்எல்எக்ஸ்4-ஐ யுஎஸ்பியில் செருகினாலே ரெக்கார்ட்பாக்ஸின் பெர்ஃபார்மன்ஸ் மோட் (மேடையில் வாசிக்கும் பகுதி) திறந்துகொள்ளும். டிடிஜே-400-லும் அப்படித்தான். கன்ட்ரோலரே சாவி, தனியாகக் காசு கட்டத் தேவையில்லை. சாஃப்ட்வேரும் தயாரிப்பாளரின் தளத்தில் இலவசமாகவே இறங்குகிறது. அதே கன்ட்ரோலரில் செராட்டோ டிஜே புரோ என்ற வேறு சாஃப்ட்வேர் வேண்டுமென்றால்தான் காசு. அப்போதும் லைசென்ஸ் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கணக்கில் இருக்கவேண்டும். 'லாகின் எங்ககிட்ட இருக்கு, பிரச்சினைன்னா கூப்பிடுங்க' என்று சொன்னால் அது உங்கள் லைசென்ஸ் இல்லை.

இனி பீட்டுக்கு வருவோம். 6-லிருந்து 7-க்குப் போவதால் மட்டும் எதுவும் தொலையாது, இரண்டும் ஒரே லைப்ரரியைத்தான் படிக்கின்றன. இங்கே நடந்தது வேறு. அப்கிரேட் என்ற பெயரில் சி டிரைவை ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். "பாட்டெல்லாம் டி டிரைவ்ல பத்திரமா இருக்கு சார்" என்றார்களாம். பாட்டு பத்திரம்தான். ஆனால் கிரிட்டும் (பீட் எங்கெங்கே விழுகிறது என்று காட்டும் கோடுகள்) ஹாட் க்யூவும் (பாட்டில் தாவிப் போக வைத்த அடையாளங்கள்) பாட்டுக் கோப்புக்குள் இல்லையே! ரெக்கார்ட்பாக்ஸ் அவற்றை சி டிரைவில், யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா → ரோமிங் → பயனியர் → ரெக்கார்ட்பாக்ஸ் என்ற இடத்தில் வைக்கிறது. அங்கேயும் ஒரே கோப்பாக இல்லை. மாஸ்டர்.டிபி என்பதில் பாட்டுப் பட்டியல், பிளேலிஸ்ட், க்யூ எல்லாம் இருக்கும். கிரிட், 'ஷேர்' ஃபோல்டருக்குள் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனி அனாலிசிஸ் கோப்பாகக் கிடக்கும். மாஸ்டர்.டிபியை மட்டும் காப்பி எடுத்துவிட்டு 'பேக்கப் இருக்கு' என்று நம்புகிறவர்கள் நிறைய. பட்டியல் திரும்பி வரும், கிரிட் வராது.

எல்லாம் போன பிறகு 2,000-க்கும் மேற்பட்ட பாட்டுகளை மொத்தமாக இழுத்துப் போட்டு, வேகத்தையும் பீட்டையும் சாஃப்ட்வேரே கணிக்கும் ஆட்டோ அனாலிசிஸ் ஓட்டியிருக்கிறார்கள். அதற்குத்தான் 'ஃபுல் அனாலிசிஸ்' என்று காசு. கிளிக் டிராக் (ஒரே வேகத்தில் தட்டும் சத்தம்) வைத்துப் பதிவு செய்த இன்றைய நான்கு-கிக் பாட்டு என்றால் அது முக்கால்வாசி சரியாகவே வரும். நம் ஊர்க் கல்யாண செட்டில் இருப்பது அது மட்டுமா?

எழுபது, எண்பதுகளின் சினிமாப் பாட்டில் ஆட்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். பல்லவியில் ஒரு வேகம், சரணத்துக்குள் போகும்போது ஒரு துளி ஏற்றம். நார்மல் மோடில் அனாலிசிஸ் செய்தால் பாட்டு முழுவதற்கும் ஒரே பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) விழும், இரண்டாவது சரணத்தில் கிரிட் தெருவில் நிற்கும். இந்தப் பாட்டுகளுக்கு டைனமிக் மோட் வேண்டும். அதற்குப் பிறகும் கையால் தொட்டுத்தான் ஆகவேண்டும்.

குத்துப் பாட்டில் சிக்கல் வேறு மாதிரி. ஆறு-எட்டு நடையில் மூன்று தட்டு சேர்ந்தால் ஒரு பீட். சாஃப்ட்வேர் இரண்டு தட்டை ஒரு பீட் என்று எண்ணிவிடும். 104-ல் ஓடும் பாட்டு 156 என்று காட்டும், அதாவது ஒன்றரை மடங்கு. இதை இரட்டிப்பு, பாதி பட்டன்களை அழுத்திச் சரிசெய்ய முடியாது. 156 என்பது 312 ஆகும், 78 ஆகும், 104 ஆகாது. காட்டும் எண்ணை மூன்றால் வகுத்து இரண்டால் பெருக்கி, பிபிஎம்மைக் கையால் அடிக்கவேண்டும். பிறகு முதல் அடியில் கிரிட்டை நிறுத்தவேண்டும். இந்த டிஜே அப்படி ஒவ்வொன்றாகத் திருத்தி வைத்திருந்ததைத்தான் ஒரே இரவில் துடைத்திருக்கிறார்கள்.

திரும்பப் போய்க் கேட்டதற்குக் கிடைத்த பதில்: "பஃபர் சைஸைக் குறைங்க, சரியாயிரும்." சரியாகாது. பஃபர் என்பது சத்தத்தை வெளியே விடுமுன் லேப்டாப் சேர்த்து வைக்கும் அளவு. 512 சாம்பிள் பஃபர் என்றால் 44.1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 11.6 மில்லிசெகண்ட் தாமதம், 256 என்றால் அதில் பாதி. ஜாக் வீலைத் தொட்டால் சத்தம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பது இதனால் மாறும். ஆனால் ஒரே லேப்டாப்பில் ஓடும் இரண்டு டெக்குக்கும் தாமதம் ஒன்றுதான், ஒன்றுக்கொன்று விலகாது. பஃபரைக் குறைத்துக்கொண்டே போனால் சத்தத்தில் வெடிப்பும் சேர்ந்து வரும், அவ்வளவுதான்.

இரண்டு பாட்டின் பீட்டை ஒட்டவைக்கும் சிங்க் பட்டன் பாட்டைக் கேட்பதில்லை, கிரிட் கோட்டைத்தான் பார்க்கிறது. எனவே எது கோணல் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். கிரிட் எடிட்டில் மெட்ரோனோமைப் போட்டு, பாட்டின் முதல் தெளிவான கிக்கிலும் கடைசி நிமிடத்திலும் கேளுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு விலகினால் பிபிஎம் சரி, கிரிட் மட்டும் நகர்ந்திருக்கிறது. ஒவ்வொரு மில்லிசெகண்டாகத் தள்ளினால் போதும். தொடக்கத்தில் பொருந்தி முடிவில் விலகினால் பிபிஎம்மே தப்பு. கணக்கு சுலபம்: நான்கு நிமிடத்தில் அரை பீட் விலகினால், அரையை நான்கால் வகுக்க 0.125 பிபிஎம் பிழை. பார்க்க ஒன்றுமில்லாத எண். ஆனால் 0.1 பிழை இருந்தாலே ஐந்து நிமிடத்தில் ஒரு கிக், அடுத்ததன் சரிபாதியில் போய் விழும். நடுவில் திடீரென்று விலகினால் ஆட்கள் வாசித்த பாட்டு. விலகும் அந்தப் புள்ளியில் நின்று, அதற்குப் பிந்தைய கிரிட்டை மட்டும் மாற்றுங்கள். திருத்தியதும் அனாலிசிஸ் லாக் போட்டுவிடுங்கள். அதற்கப்புறம் யார் மொத்தமாக அனாலிசிஸ் ஓட்டினாலும் அந்தப் பாட்டைத் தொடாது.

மூன்றாவது வரியான 320 கன்வெர்ட்தான் இருப்பதிலேயே மோசம். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) எம்பி3-ஆக இருந்த பாட்டை 320 ஆக்கினால் நான்கு நிமிடப் பாட்டு 4 எம்பி-க்குள் இருந்தது 10 எம்பி-யை நெருங்கும், தரம் ஒரு துளிகூட ஏறாது. ஸ்பெக்ட்ரம் காட்டும் எந்த செயலியிலும் திறந்து பாருங்கள், 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் வெட்டியது போலத் தெரியும். போகட்டும், பீட்டுக்கு என்ன? எம்பி3 ஆக்கும்போது லேம் என்கோடர் தொடக்கத்தில் 576 சாம்பிள் வெற்றிடம் சேர்க்கிறது, டிகோடர் இன்னொரு 529. மொத்தம் 1,105 சாம்பிள், ஏறக்குறைய 25 மில்லிசெகண்ட். இதைத் தவிர்க்கச் சொல்லும் குறிப்பு கோப்பிலேயே இருக்கும். சில சாஃப்ட்வேர் அதை மதிக்கும், சில மதிக்காது. 128 பிபிஎம்மில் ஒரு பீட்டே 469 மில்லிசெகண்ட்தான், 25 என்பது இரட்டைக் கிக்காகக் காதில் விழ தாராளம். நாளைக்கே பழைய பேக்கப் கிடைத்தாலும், கன்வெர்ட் ஆன கோப்பின் மேல் பழைய கிரிட்டும் க்யூவும் இப்படித் தள்ளி உட்கார வாய்ப்பிருக்கிறது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால், முதலில் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஃபார்மேட் செய்யாமல் மேலேயே விண்டோஸ் போட்டிருந்தால் அதற்குள் பழைய ஆப்டேட்டா முழுதாக இருக்கும். சுமார் பத்து நாளில் விண்டோஸே அதை அழித்துவிடும். சிடிஜேவில் (லேப்டாப் இல்லாமல் பென் டிரைவிலிருந்தே வாசிக்கும் டிஜே பிளேயர்) வாசிக்க எக்ஸ்போர்ட் செய்த பழைய பென் டிரைவ் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதில் பழைய கிரிட்டும் க்யூவும் அப்படியே இருக்கின்றன, இந்த வார நிகழ்ச்சியை அதை வைத்தே ஒப்பேற்றலாம்.

இன்னும் கொடுக்கவில்லை என்றால், ஃபைல் → லைப்ரரி → பேக்கப் லைப்ரரி போய் ஒரு பேக்கப், அதே ஃபைல் மெனுவில் கலெக்ஷனை எக்ஸ்எம்எல்-ஆக ஒரு எக்ஸ்போர்ட். இரண்டையும் வெளி டிரைவில் போட்டு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்த எக்ஸ்எம்எல்-இல் ஒவ்வொரு பாட்டின் பிபிஎம், கிரிட் தொடங்கும் இடம், க்யூ எல்லாம் எழுத்தாகவே இருக்கும். டிராக்டர் (உழுகிறது இல்லை, சாஃப்ட்வேர்) வைத்திருப்பவர்கள் கலெக்ஷன்.என்எம்எல் கோப்பையும், வெர்ச்சுவல் டிஜே ஆட்கள் டேட்டாபேஸ்.எக்ஸ்எம்எல் கோப்பையும் எடுத்து வையுங்கள். செராட்டோவில் கிரிட் பாட்டுக் கோப்பின் டேகிலேயே எழுதப்படுகிறது. அதனால் ஃபார்மேட்டில் தப்பிக்கும், கன்வெர்ட்டில் போய்விடும்.

கடையில் கேட்கவேண்டியது கன்வெர்ட்டுக்கு முந்தைய ஒரிஜினல் பாட்டுகளும், பழைய சி டிரைவின் காப்பியும். 'டெலீட் பண்ணிட்டோம்' என்றால் அதையே பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பில்லே தரவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்திக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.