டிக் அடிப்பதற்கு முன்: பேஜ் கியூரேஷனோடு மூன்று வருடம்

ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரைகளைச் சரிபார்க்கும் வேலைக்கு வந்து மூன்று வருடம் தாண்டிவிட்டது. தமிழ் விக்கியில் இதைச் சுற்றுக்காவல் என்போம். ஆனால் அங்கே பேஜ் கியூரேஷன் என்ற இந்தக் கருவிப்பட்டை இல்லை. ஆங்கிலத்தில் 2012-ல் வந்தது. 2016 கடைசியிலிருந்து தனி அனுமதியும் வேண்டும். கணக்குக்கு 90 நாள் வயது, கட்டுரைகளில் 500 திருத்தம் இருந்தால் மனு போட்டுப் பார்க்கலாம்.

திரையின் வலது ஓரத்தில் நெடுக்காக ஒரு பட்டை. ‘i’ என்ற தகவல் பொத்தானைத் தட்டினால் எழுதியவர் எப்போது சேர்ந்தார், எத்தனை திருத்தம் செய்தார், கட்டுரையில் மேற்கோள் (அதாவது ஆதாரம்) உண்டா, பகுப்பு (எந்த வகைக் கட்டுரை என்ற குறி) உண்டா எல்லாம் வந்துவிடும். நன்றி சொல்ல ஓர் இதயம், சரிபார்த்தாயிற்று என்பதற்கு டிக், கட்டுரையில் ஒட்டும் குறை சுட்டும் அறிவிப்புகளான வார்ப்புருக்கள், குப்பைத்தொட்டி, அடுத்த கட்டுரைக்கு அம்புக்குறி.

டிக் சின்ன விஷயமில்லை. அது விழும்வரை கூகுள் மாதிரி தேடுபொறிகளில் கட்டுரை தலைகாட்டாது. யாரும் பார்க்காமலே 90 நாள் ஓடிவிட்டால் தானாகத் திறந்துகொள்ளும். அதனால்தான் நான் வரிசையைப் பழையதிலிருந்து எடுக்கிறேன். விளம்பரக் கட்டுரைகள் சத்தமில்லாமல் நழுவுவது அந்த முனையில்தான்.

என்னைக் கெடுத்தது அம்புக்குறி. முதல் ஆறு மாதம் அதைத் தட்டித் தட்டி ஓடினேன். ஒரு ராத்திரி திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றைப் பற்றி மூன்று வரிக் கட்டுரை வந்தது. மேற்கோள் இல்லை, பகுப்பு இல்லை, இணைப்பு இல்லை. நாலு வார்ப்புருவை ஒரே மூச்சில் ஒட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவினேன். காலையில் என் பேச்சுப் பக்கத்தில் (மற்றவர்கள் எனக்குச் செய்தி எழுதும் பக்கம்) தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் ஒரு வரி: “எங்கள் ஊரில் என்ன தவறு?”

ஊரில் ஒரு தவறும் இல்லை. அரசுக் கணக்கில் உள்ள கிராமம் என்றால் பொதுவாகக் கட்டுரை நிற்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தேடி மேற்கோளாகச் சேர்க்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வார்ப்புரு ஒட்ட ஆன நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் டிக்கோடு சேர்ந்து வரும் குறிப்புப் பெட்டியைக் கவனித்தேன். அதில் எழுதுவது நேராக எழுதியவரின் பேச்சுப் பக்கத்துக்குப் போகும். என்னைக் கேட்டால் பட்டையிலேயே உருப்படியான இடம் அதுதான். “நல்ல தொடக்கம், இந்த வரிக்கு ஒரு மேற்கோள் கொடுங்கள்” என்று எழுதிப் பாருங்கள், பாதிப் பேர் திரும்பி வந்து சேர்க்கிறார்கள்.

காப்புரிமை விஷயத்தில் கருவியை மட்டும் நம்பிவிடக் கூடாது. கோயில் கட்டுரை ஒன்று ஏதோ ஒரு தளத்தோடு அச்சு அசலாகப் பொருந்தியது. திருட்டு என்று நீக்கப் பரிந்துரைத்தேன். பார்த்தால், விக்கியின் பழைய கட்டுரையிலிருந்து பிரித்தெடுத்த பகுதி அது. அந்தத் தளம்தான் நம்மிடமிருந்து எடுத்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். யார் யாரைப் பார்த்து எழுதினார் என்பதை கட்டுரையின் திருத்த வரலாற்றுப் பக்கத்தைப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மற்றபடி சின்னச் சின்ன எரிச்சல்கள். கை தவறிப் பட்டையை மூடிவிட்டால் பக்கப்பட்டியில் துழாவித்தான் மீட்க வேண்டும். நீக்கல் உரையாடல் தொடங்க நான் இன்னும் ட்விங்கிள் என்ற இன்னொரு கருவியைத்தான் நாடுகிறேன், பழகிய கை.

அந்தக் கிராமக் கட்டுரையில் இப்போது ஊர்க் குளத்தின் படம் ஒன்று இருக்கிறது. மேற்கோள் மட்டும் இன்னும் நான் போட்ட அந்த ஒன்றுதான்.