தீவுப் பக்கம் வான் ஹயர் பிடிக்கிறவர்கள் கவனம்

வெளியூரில் இருந்து வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் இருந்து நெடுந்தீவு, நயினாதீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் பக்கம் போக வாடகைக்கு வான் (வேன்) பிடிக்கிறீர்கள் என்றால், ஏறும்போதே கிலோமீற்றர் காட்டும் மீற்றரைப் படம் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை. போன கிழமை பேசிய காசுக்கு மேல் 11,300 ரூபா கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதைவிட, நெடுந்தீவுக்குப் போகாமல் திரும்பியதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

மதுரையில் இருந்து என் நண்பன், மனைவி, மகள், அம்மாவோடு வந்திருந்தான். முதல் இரண்டு நாளும் எங்களுக்குத் தெரிந்த ஓட்டோ அண்ணையோடு நல்லூர், கோட்டை, கீரிமலை எல்லாம் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. 1981இல் எரித்த யாழ்ப்பாண நூலகம் இதுதானா என்று அம்மா கேட்டார். ஓம் என்றேன். வாசலில் உள்ள சரஸ்வதி சிலைக்கு முன்னால் கனநேரம் பேசாமல் நின்றார்.

மூன்றாம் நாள் நெடுந்தீவுக்கு. அங்கே காட்டுக் குதிரைகளும் பெரிய பெருக்கமரமும் (பாவோபாப்) இருக்கின்றன என்று மகள் வரும் முன்பே படம் பார்த்து வைத்திருந்தாள். அன்று இரவே கொழும்பு பஸ் என்பதால் பைகளையும் வானிலேயே ஏற்றுவதாகத் திட்டம். முகநூலில் விளம்பரம் பார்த்து ஒருவரிடம் பேசினேன். நாளுக்கு 22,000 ரூபா, 120 கிலோமீற்றர் வரை, அதற்கு மேல் கிலோமீற்றருக்கு 150 ரூபா. எல்லாம் தொலைபேசியில் வாய்ப்பேச்சுத்தான்.

காலை 6 மணிக்கு வரச் சொன்ன வான் 7.40க்கு வந்தது. காங்கேசன்துறைப் பக்கம் ஒரு கலியாண வீட்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு வந்ததாகச் சாரதியே வழியில் வாய் தவறிச் சொன்னார். அப்போதே நான் விழித்திருக்க வேண்டும். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு எல்லாம் கடந்து இறங்குதுறைக்குப் போனால், நெடுந்தீவுக்கான காலைப் படகு போய்விட்டது. அடுத்த படகில் போனால் இரவு பஸ்ஸுக்குத் திரும்ப முடியாது. அதனால் நயினாதீவுக்குப் போனோம். நாகபூசணி அம்மனைக் கும்பிட்டதில் அம்மாவுக்கு நல்ல நிறைவு. பிள்ளை மட்டும் படகில் வரும்போதெல்லாம் நெடுந்தீவு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

மாலையில் பஸ் நிற்கும் இடத்தில்தான் கணக்கு வந்தது. மீற்றரின்படி 148 கிலோமீற்றர், அவர் வீட்டுக்குத் திரும்பிப் போக 34, மொத்தம் 182. கூடுதல் 62 கிலோமீற்றருக்கு 9,300 ரூபா. இறங்குதுறையில் காத்து நின்றதற்கு 2,000. நாங்கள் ஓடியது எப்படிக் கூட்டினாலும் 90ஐத் தாண்டாது. கேட்டால், "கராச் டு கராச்தான் அண்ணை கணக்கு" என்கிறார், அதாவது வான் தன் கராச்சில் இருந்து வெளிக்கிட்டுத் திரும்பிப் போய்ச் சேரும் வரை. கலியாண வீட்டு ஓட்டத்தையும் எங்கள் தலையில் கட்டிவிட்டார் என்று அப்போதுதான் விளங்கியது. பைகள் வானுக்குள். பின்கதவு பூட்டு. பஸ் வெளிக்கிடப் போகிறது. "கணக்கை முடிச்சுப்போட்டு இறக்குங்கோ" என்றார். நண்பன் தன் பேர்ஸை எடுத்தான். என் ஊருக்கு வந்தவனிடம் எப்படி வாங்க விடுவது? நானே கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்டேன், அந்தப் பழக்கம் இல்லையாம்.

பிறகு எனக்குத் தெரிந்த இரண்டு வான்காரரிடம் விசாரித்தேன். கராச்சில் இருந்து கணக்குப் பார்ப்பது இங்கே உள்ள வழக்கம்தான், ஆனால் ஹயர் பேசும்போதே சொல்லிவிட வேண்டும், இன்னொருவரின் ஓட்டத்தைச் சேர்ப்பது களவு என்று இருவருமே சொன்னார்கள். ஆகவே கிலோமீற்றர் எந்த இடத்தில் இருந்து தொடங்குகிறது, காத்து நிற்பதற்குக் காசு உண்டா, பிந்தி வந்தால் என்ன என்பதை வட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். கடைசி நாளில் பைகளை வானில் ஏற்றாமல் தங்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். படகு நேரத்தை முதல் நாளே இறங்குதுறையில் கேட்டு வையுங்கள். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இருந்து குறிகட்டுவானுக்குப் பஸ் ஓடுகிறது. ஆட்கள் குறைவென்றால் அதுவே காணும்.

நண்பன் ஊர் போய்ச் சேர்ந்து, அம்மா நயினாதீவைப் பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னான். மகளுக்குப் பெருக்கமரத்தின் படமாவது அனுப்ப வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகிறேன்.